எலி இறந்த பிறகும் 8 மி.மீ. ஆக்சிஜன் காட்டுவது ஏன்?

கேள்வி: சுண்டெலியின் பின்னங்கால் புற்றுக்கட்டிக்குள் லித்தியம் ஆக்டா-என்-பியூடாக்ஸி நாஃப்தலோசயனின் (எல்.ஐ.என்.சி.-பி.யு.ஓ.) துகள்களை வைத்து, 1.2 கிகாஹெர்ட்ஸ் எல்-பேண்ட் ஈ.பி.ஆர். (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) கருவியில் ஆக்சிஜன் அழுத்தம் அளக்கிறேன். சிக்னல் நன்றாகத் தெரிய மாடுலேஷனை (காந்தப்புலத்தைச் சற்றே மேலும் கீழும் ஆட்டும் வீச்சு) 250 மில்லிகாஸ் (காந்தப்புல அலகு) வைத்திருக்கிறேன். சோதனை முடிந்து எலி இறந்த பிறகும் அளவு 8 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்குவதில்லை. எல்லா அளவுகளிலிருந்தும் 8-ஐக் கழித்துவிடலாமா?

பதில்: கழிக்காதீர்கள். பிழை எல்லா இடத்திலும் 8 இல்லை.

இந்த முறையில் கருவி ஆக்சிஜனை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆக்சிஜன் மூலக்கூறில் இணைசேராத எலக்ட்ரான்கள் இரண்டு உண்டு. அவை துகளின் எலக்ட்ரான்களோடு மோதி ஈ.பி.ஆர். நிறமாலைக் கோட்டை அகலமாக்குகின்றன. நாம் அளப்பது அந்தக் கோட்டகலத்தை மட்டும்தான். அதனால் கோட்டை அகலமாக்கும் வேறு எதுவானாலும் ஆக்சிஜன் போலவே வேஷம் போடும்.

உங்கள் துகளுக்கு ஆக்சிஜனே இல்லாதபோது கோட்டகலம் சுமார் 210 மில்லிகாஸ். அதற்கு மேல் ஒவ்வொரு மி.மீ. பாதரசத்துக்கும் சுமார் 8.5 மில்லிகாஸ் கூடும். அதாவது 8 மி.மீ. என்பது வெறும் 68 மில்லிகாஸ் கூடுதல் அகலம். 210 மில்லிகாஸ் கோட்டின் மீது, உச்சத்துக்கு உச்சம் 250 மில்லிகாஸ் மாடுலேஷன் கொடுத்தால் கோடு ஏறக்குறைய 280-க்குப் போய்விடும். உங்கள் 8 மி.மீ. முழுவதும் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆனால் உண்மையான அழுத்தம் 30 மி.மீ. என்றால் கோடு ஏற்கெனவே 465 மில்லிகாஸ் அகலம். அதே மாடுலேஷன் அதை சுமார் 33 மில்லிகாஸ்தான் கூட்டும். பிழை 4 மி.மீ. மட்டுமே. அதாவது ஆக்சிஜன் குறையக் குறையப் பிழை கூடுகிறது. கதிர்வீச்சுக்குக் கட்டி மசியுமா மசியாதா என்பதைத் தீர்மானிப்பதே 10 மி.மீ.க்குக் கீழுள்ள பகுதி. அங்கேதான் உங்கள் அளவு மிக மோசமாகப் பொய் சொல்கிறது. கழித்தல் இதைச் சரிசெய்யாது. பழைய தரவைக் காப்பாற்ற வேண்டுமானால் சேமித்த நிறமாலைகளை மாடுலேஷன் விளைவையும் சேர்த்துக் கணக்கிடும் லோரன்ட்ஸ் சமன்பாட்டில் (கோட்டின் வடிவத்தைத் தரும் சமன்பாடு) மறுபடி பொருத்துங்கள்.

இனி அளக்கும்போது மாடுலேஷன் கோட்டகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 70 மில்லிகாஸ் வைத்தால் பூஜ்ஜியத்தில் பிழை ஒரு மி.மீ.க்கும் கீழே. சிக்னல் சிறுத்துவிடும், ஸ்கேன்களின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுங்கள்.

மைக்ரோவேவ் பவரையும் சோதியுங்கள். பவரை 6 டெசிபெல் குறைத்தால் சிக்னல் உயரம் சரிபாதியாக வேண்டும். பாதிக்கு மேல் நின்றால் செறிவு (பவருக்கு ஏற்ற விகிதத்தில் சிக்னல் கூடாத நிலை) தொடங்கிவிட்டது, கோடும் அகன்றிருக்கும்.

குற்றவாளி கருவி அமைப்பா, எலியா என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. அதே தொகுதித் துகள்களை வாயு ஊடுருவும் மெல்லிய டெஃப்லான் குழாயில் இட்டு, 37 டிகிரியில் சுத்த நைட்ரஜனை ஓட விடுங்கள். கோட்டகலம் மாறாமல் நிற்கும்வரை காத்திருந்து, எலிக்கு வைத்த அதே அமைப்பில் அளந்து பாருங்கள். அங்கேயும் 8 வந்தால் அமைப்புதான் காரணம். அப்படியே 1, 2, 5 சதவீத ஆக்சிஜனையும் ஓட்டி அளவீட்டுக் கோட்டைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். 5 சதவீதம் என்பது கடல் மட்டத்தில் 38 மி.மீ.; 900 மீட்டர் உயரமுள்ள ஊரில் 34 தான். அன்றைய காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெருக்குங்கள்.

குழாயில் பூஜ்ஜியம் வந்து, எலியில் மட்டும் வராவிட்டால் முதலில் தையலைப் பாருங்கள். தோலை மூட எஃகு கிளிப் போட்டிருந்தாலோ, அருகில் இரும்புக் காதுக் குறி இருந்தாலோ காந்தப்புலம் அந்த இடத்தில் சீர்கெட்டுக் கோடு அகலும். பட்டு அல்லது நைலான் நூல் போதும். அடுத்தது ஆழம். துகள் தோலை ஒட்டிக் கிடந்தால், இறந்த எலியிலும் வெளிக்காற்றின் ஆக்சிஜன் தோல் வழியே கசிந்து வரும். துகள்கள் ஊசித் தடம் முழுக்கச் சிதறியிருந்தால் ஒவ்வொன்றும் வேறு அழுத்தத்தைக் காட்டும். சமன்பாட்டைப் பொருத்தியபின் மிச்சத்தை (தரவுக்கும் பொருத்திய கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை) பாருங்கள்: வெறும் இரைச்சலாக இல்லாமல் நடுவில் ஒழுங்கான நெளிவு தெரிந்தால், பல கோடுகள் கலந்திருக்கின்றன என்று பொருள். அப்போது குறுகிய கோடே ஓங்கி நிற்கும் என்பதால் ஒற்றைக் கோட்டுப் பொருத்தம் குறைந்த அழுத்தத்தின் பக்கம் சாயும்.

உயிருள்ள எலியில் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். கால் அசையாமலிருக்கப் பசைப்பட்டையை இறுக்கி ஒட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் நிஜமாகவே விழும். பாதம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ரெசொனேட்டரை (கருவியின் சிக்னல் எடுக்கும் பகுதியை) கொண்டுவாருங்கள். உடல் வெப்பத்தை 37 டிகிரியில் பிடித்து வையுங்கள். மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேனை எந்த வாயுவோடு கலந்து கொடுத்தீர்கள் என்பதையும் ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் எழுதுங்கள். காற்றில் கலந்ததும் சுத்த ஆக்சிஜனில் கலந்ததும் ஒரே அட்டவணையில் சேரக் கூடாது. துகள் வைத்த அன்றே எடுத்த அளவையும் சேர்க்காதீர்கள், ஊசி குத்திய காயம் ஆறச் சில நாட்கள் வேண்டும்.