ஹெல்ஸ்டன் ஃப்ளோரா நாள்: எப்போது போவது, எங்கே நிற்பது?

கேள்வி: மே மாதம் குழந்தைகளோடு இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள கார்ன்வால் போகிறோம். ஹெல்ஸ்டன் ஊரில் தெருத்தெருவாக ஆடிக்கொண்டே போவார்களாமே, அதை எப்போது, எங்கே நின்று பார்க்கலாம்? (வாசகி, ஹாரோ)

பதில்: ஃப்ளோரா நாள் மே 8. ஊரின் பாதுகாவலரான புனித மிக்கேலின் திருநாள். அந்தத் தேதி ஞாயிறிலோ, சந்தை கூடும் திங்களிலோ விழுந்தால் முந்தின சனிக்கிழமையே நடத்திவிடுவார்கள். 2028-ல் திங்கள் வருவதால் மே 6-ஆம் தேதி. நாளைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். ஹெல்ஸ்டனுக்குப் பயணிகள் ரயில் 1962-லேயே நின்றுவிட்டது. ரெட்ரூத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்.

ஆட்டம் நான்கு முறை: காலை 7, 9.50, பகல் 12, மாலை 5. நடுவே 8.30-க்கு ஹால்-ஆன்-டோ என்ற பாட்டும் வேடமும். பகல் ஆட்டத்தில் ஆண்கள் உயரத் தொப்பியும் கோட்டும், பெண்கள் நீண்ட கவுனும் அணிந்து வருவார்கள். அழகுதான், ஆனால் கூட்டம் நெரியும். சிறுவர்களுக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். உங்களுக்கு 9.50 ஆட்டமே சரி. வெள்ளை உடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவதை உங்கள் பிள்ளைகளும் ரசிப்பார்கள்.

நிற்க காயினேஜ்ஹால் தெரு நல்லது: அகலம், சரிவு, மேலிருந்து பார்த்தால் வரிசை முழுதும் தெரியும். தெருவோரம் இருபுறமும் கருங்கல் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். பேண்டு வாத்தியக் குழுவைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கினால் கால் அதற்குள் போகும், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடை வாசலை மறிக்காதீர்கள். ஆடும் ஜோடிகள் முன்கதவால் நுழைந்து பின்பக்கமாக வெளியேறுவார்கள், வழி விட்டே ஆக வேண்டும். முன்பே அழைக்கப்பட்ட ஜோடிகள்தான் ஆடுவார்கள், நடுவில் போய்ச் சேரக் கூடாது.

பகலில் 14, 15 டிகிரி இருக்கும். கடற்காற்றில் அதைவிடக் குளிரும். திடீர் தூறலும் உண்டு. காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், பின்னால் நிற்பவருக்கும் மறைக்கும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும்.

கேள்வி: எல்லோரும் குத்திக்கொள்ளும் அந்த வெள்ளைப் பூ என்ன?

பதில்: லில்லி ஆஃப் தி வேலி. ஆண்கள் பூ மேல்நோக்கியும், பெண்கள் கீழ்நோக்கியும் குத்துவார்கள். பூ, இலை, காய் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். அதை வைத்த ஜாடித் தண்ணீரிலும் விஷம் இறங்கும். குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.

கேள்வி: மறுநாள் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: காயினேஜ்ஹால் தெருவையே கூட்டமில்லாமல் நடந்து பாருங்கள். அந்தக் காலத்தில் சுற்றுச் சுரங்கங்களின் வெள்ளீயக் கட்டிகளை இந்த ஊருக்குக் கொண்டுவந்து, மூலையில் துண்டு வெட்டித் தரம் பார்த்து, வரி வாங்கினார்கள். அதற்குப் பெயர்தான் காயினேஜ்.

பக்கத்திலேயே லோ பார் கூழாங்கல் கரை. 1807-ல் ஆன்சன் போர்க்கப்பல் அங்கே உடைந்து, கரைக்கு அவ்வளவு அருகிலேயே பலர் மடிந்தார்கள். அதைப் பார்த்த ஹெல்ஸ்டன் தச்சர் ஹென்றி ட்ரெங்க்ரூஸ், ராக்கெட்டில் கயிறு கட்டிக் கப்பலுக்கு எறியும் கருவியைச் செய்தார். கரை சட்டென ஆழமாவதாலும் அலை கீழே இழுப்பதாலும் இன்றும் அங்கே குளிக்கவோ, விளிம்பில் விளையாடவோ கூடாது.