கேள்வி – பதில்: நாவல் பாதியில் நிற்கிறதா?

கே: ஐந்து அத்தியாயம் மளமளவென்று ஓடுகிறது. பிறகு பேனா நகர மாட்டேன் என்கிறது. முன்கூட்டியே திட்டம் போட்டுக்கொள்ள வேண்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

ப: போடுங்கள், முடிவிலிருந்து. கடைசிக் காட்சியில் யார் எதை இழக்கிறார், எதை அடைகிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள். பாதியில் படுத்துவிடும் நாவல்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டு வரி இருக்காது.

அடுத்தது அட்டைகள், ஒரு காட்சிக்கு ஒரு குறிப்பு அட்டை. 60,000 சொல் நாவலென்றால், காட்சிக்கு 1,500 சொல் வீதம் 40 அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம்: யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார், கடைசியில் என்ன மாறியது. 'மாலதி அண்ணன் வீட்டுக்குப் போகிறாள்' என்பது வெறும் தகவல். 'நகையைத் திருப்பிக் கேட்கப் போகிறாள். அண்ணி பேச்சை மாற்றுகிறாள். அது அடகுக் கடையில் இருப்பது தெரியவருகிறது' என்றால் காட்சி. மூன்றாவதற்குப் பதில் இல்லாத அட்டையைத் தயங்காமல் கிழியுங்கள்.

பிறகு தரையில் பரப்பி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' போட்டுப் பாருங்கள். 'அப்புறம்' மட்டுமே பொருந்துகிற இடத்தில்தான் கதை தொய்யும். உங்களுக்கு அது அநேகமாக ஆறாவது அத்தியாயம்!

வசனத்தை மட்டும் அட்டையில் எழுதிவைக்காதீர்கள். நாவலுக்கு வரும்போது ஆறிப்போயிருக்கும். பாத்திரம் திட்டத்தை மீறினால் மீறட்டும், மிச்ச அட்டைகளைத் திருத்திக்கொள்ளலாம்.