ஐஸ்லாந்தின் ஈசாஃப்யோர்துரில் கப்பல் ஒரு பகல் மட்டும் நிற்கிறது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்களே, எந்த எக்ஸ்கர்ஷன் எடுக்கலாம்?

ஒன்றுமில்லை என்று உங்களிடம் சொன்னவர் கப்பலை விட்டு இறங்கியிருக்க மாட்டார். இறங்கியிருந்தாலும் துறைமுக வாசல் வரை வந்து, தூறலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். கொஞ்சம் கோபமாக ஆரம்பிக்கிறேன், மன்னிக்கவும். அந்த ஊரில்தான் நான் கடலோர மேலாண்மை முதுகலை படித்தேன். கோடையில் துறைமுகத்தில் நின்று, கப்பலிலிருந்து இறங்குகிறவர்களைச் சரியான பேருந்துக்கும் படகுக்கும் அனுப்பிவைக்கிற வேலை பார்த்தேன். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

வயதான அப்பா அம்மாவுடன் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழில் இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள். காலையில் வந்து சாயங்காலம் கிளம்பும் கப்பல், கையில் ஏழெட்டு மணி நேரம். அதில் ஒரே ஒரு வெளிப்பயணம்தான் நிம்மதியாகச் செய்ய முடியும். மிச்ச நேரத்தை ஊருக்குக் கொடுங்கள். இரண்டு பயணங்களைத் திணித்துக்கொண்டவர்கள் முகம் வாடித் திரும்பி வந்ததை நான் துறைமுகத்தில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேருந்துப் பயணத்தில் எல்லாரும் கேட்பது தின்யாண்டி அருவி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. சுமார் 100 மீட்டர் உயரம். மேலே 30 மீட்டர் அகலத்தில் தொடங்கி, பாறைப் படிகளில் விரிந்து விரிந்து, அடியில் 60 மீட்டராக இறங்கும். அதற்குக் கீழே அதே ஆற்றில் சின்னச் சின்ன அருவிகள் வரிசையாக இருக்கின்றன. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு "ரொம்ப தூரம், வளைவுப் பாதை" என்று பயப்பட வேண்டாம். 2020 அக்டோபர் வரை நடுவில் ஒரு மலைக் கணவாய் ஏறி இறங்க வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் அது மூடியே கிடக்கும். இப்போது அந்த இடத்தில் 5.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வந்துவிட்டது. பேருந்தில் ஒரு மணி நேரம், சற்றுக் கூடலாம். ஊரை விட்டு வெளியேறும்போது இன்னொரு சுரங்கம் உண்டு, 1996-இல் திறந்தது, 9 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மலையின் வயிற்றுக்குள்ளேயே சாலை மூன்றாகப் பிரியும். அதில் ஒரு பகுதி ஒற்றை வழிப்பாதை, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கு இடத்தில் நின்று வழிவிட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வண்டி, சாலை என்றால் ஆர்வம் உண்டு என்றால் அருவியைவிட இதைத்தான் அதிகம் பேசுவார்.

ஒன்று மட்டும் பாருங்கள். அருவியின் அடிவாரம் வரை ஏறும் பாதை கல்லும் முண்டுமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் வாகன நிறுத்தத்திலிருந்தே பார்க்கலாம், அங்கிருந்தே முழுசாகத் தெரியும். "ஏறாவிட்டால் காசு வீண்" என்று பெரியவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

படகில் போக விருப்பம் என்றால் விகுர் தீவு. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள சின்னத் தீவு. தரை பெரும்பாலும் சமம், வழிகாட்டியும் மெதுவாகத்தான் நடப்பார். பஃபின் பறவைகள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. காலுக்குக் கீழே கூடு இருக்கும். ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் தலையைக் குறிவைத்துப் பாயும். கையில் ஒரு குச்சி கொடுப்பார்கள், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டால் அது குச்சியைத்தான் கொத்தும். இதை முன்பே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். ஈடர் வாத்துகள் தாங்களே பிய்த்துக் கூட்டில் பரப்பிய மென் தூவியை எடுத்துச் சுத்தம் செய்யும் தொழில் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. ஒரு கிலோ தூவிக்குச் சுமார் 60 கூடுகள் வேண்டும். 1840-இல் கட்டிய காற்றாலை ஒன்றும் நிற்கிறது. ஐஸ்லாந்தில் அந்த மாதிரி மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஹெஸ்தெய்ரி என்று இன்னொரு படகுப் பயணம் விற்பார்கள். 1952-இல் கடைசி ஆட்களும் வெளியேறிய கிராமம், சாலையே இல்லாத ஹோர்ன்ஸ்ட்ராண்டிர் இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கிறது. அருமையான இடம். ஆனால் படகு நேரம் அதிகம், கரையேறுவதும் சிரமம். பெற்றோருடன் வேண்டாம்.

சரி, ஊரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு ஜூலை மாதம். தமிழ்க் குடும்பம் ஒன்று இறங்கியது. மகன், மருமகள், பிள்ளைகள், கூட வயதான அம்மா, காரைக்கால் பக்கத்துக்காரர். சேலை மேல் தடித்த ஜாக்கெட், காலில் ஷூ. மற்றவர்கள் படகுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். "இங்கே ஒண்ணும் இல்லையாம், அம்மா கப்பல்லயே இருக்கட்டும்" என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ இங்கதான் இருக்கியா? எனக்குத் தரையில கொஞ்சம் நடக்கணும்பா. கப்பல்ல தலை சுத்துது." படகும் பேருந்துகளும் கிளம்பிய பிறகு திரும்பி வரும் வரை எனக்கு வேலையில்லை. "வாங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

ஊரே கடலுக்குள் நீட்டிய மணல்திட்டின் மேல்தான் இருக்கிறது. அதன் முனையில் 1757-க்கும் 1784-க்கும் இடையில் கட்டிய நான்கு மர வீடுகள் இன்னும் நிற்கின்றன. டேனிஷ் வணிகர்கள் கட்டியவை. அவற்றில் ஒன்றில் அருங்காட்சியகம். அங்கே பழைய புகைப்படங்கள் இருக்கும்: உப்பிட்ட காட் மீனைக் கல்பரப்பில் வரிசையாகப் பரப்பும் பெண்கள், முக்காடு போட்டு, குனிந்தபடி. அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "கருவாடு காயும்போது மழை இருட்டினா ஓடிப் போய் அள்ளிக் குவிச்சு மூடணும். ராத்திரி பனி படக் கூடாது. இவளுகளும் அப்படித்தானே செஞ்சிருப்பாளுக?" அப்படியேதான் செய்தார்கள். குவியல் கட்டி, மேலே மூடி, வெயில் வந்ததும் மறுபடி பரப்புவார்கள். அந்த மீன் ஸ்பெயின் வரை போனது; அந்த வருமானத்தில்தான் இந்த ஊர் வளர்ந்தது. வகுப்பில் நான் ஏற்றுமதிக் கணக்காகப் படித்த விஷயத்தை, அவர் கை அசைவில் காட்டினார்.

பிறகு கடைக்குப் போனோம். அங்கே ஹார்த்ஃபிஸ்குர் என்று காற்றில் காயவைத்த மீன் பாக்கெட்டில் கிடைக்கும். முகர்ந்து பார்த்தார். "உப்பே போடலையே, எப்படிக் கெடாம இருக்கு?" குளிரும் காற்றும் சேர்ந்து உலர்த்திவிடும், அந்தக் குளிரில் ஈ கிடையாது என்றேன். வெண்ணெய் தடவித்தான் அங்கே சாப்பிடுவார்கள். அவர் வெண்ணெய் வேண்டாம் என்று வெறும் துண்டை மென்றபடி, விலையைக் கேட்டு அதிர்ந்தார், ஆனாலும் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டார். மலைச்சரிவில் பெரிய மண் மேடுகளைக் காட்டி "அது எதுக்கு" என்று கேட்டார். பனிச்சரிவைத் திருப்பிவிடும் தடுப்புகள். 1995 ஜனவரியில் பக்கத்து ஊரான சூதாவீக்கில் 14 பேர், அக்டோபரில் ஃப்ளாத்தெய்ரியில் 20 பேர், வீட்டோடு புதைந்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க இந்தத் தடுப்புகளைப் பெரிய அளவில் கட்டினார்கள். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, சுனாமியில் தன் தெருவில் போனவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ஊர் மனிதர்களை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகன் படகிலிருந்து இறங்கியதும் "அம்மா, போரடிச்சுதா?" என்று கேட்டார். கப்பல் படிக்கட்டு வரைக்கும் மீன் கதைதான்.

இதைப் படித்துவிட்டு, "எல்லாரும் கருவாட்டுக் குடும்பமா, நாங்கள் சைவம்" என்று யாராவது எழுதுவார்கள். சைவமாக இருந்தாலும் போகலாம். நல்ல பேக்கரி இருக்கிறது, சூப்பர் மார்க்கெட்டில் பழமும் தயிரும் கிடைக்கும், ஒரு பகலுக்கு அது போதும். "அந்த ஊர்க் கம்பெனிக்கு விளம்பரம்" என்றும் சொல்வார்கள். யாரிடமும் நான் காசு வாங்கவில்லை. அதனால்தான் எந்தக் கம்பெனி பெயரும் இதில் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் படித்து முடித்து வந்தபோது சொந்தக்காரர்கள் கேட்டது, "மீன் படிக்கவா அவ்வளவு தூரம் போனே?" என்றுதான். இவ்வளவு நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு, கரை அரிக்கிறது, மீன்பாடு குறைகிறது என்று எல்லாரும் பேசுகிறோம். ஆனால் ஒரு பிள்ளை அதைப் படிக்கிறேன் என்றால் வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல் பார்க்கிறார்கள். மூவாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் கடல் படிப்புக்கென்று உலகம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள், கடைக்காரர் முதல் படகுக்காரர் வரை நம் ஆய்வைப் பற்றி மரியாதையாக விசாரிக்கிறார்கள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கப்பல் வரும் நாளில் ஊர்க்காரர்களைவிடப் பயணிகள் அதிகம் இருப்பார்கள். வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது, விளையாடுகிற குழந்தைகளைப் படமெடுப்பது இரண்டும் வேண்டாம். அங்கே இருந்தபோது என் ஜன்னலிலும் கேமரா வந்திருக்கிறது, அந்த எரிச்சல் எனக்குத் தெரியும்.

அருவிக்குப் போவதென்றால் கப்பலிலேயே விற்கும் பயணத்தை எடுங்கள், விலை கூடுதல்தான். போக வர அந்த ஒரு சாலைதான். சுரங்கத்தில் ஏதாவது தடை வந்து தாமதமானால் கப்பல் தன் சொந்தப் பயணத்துக்குக் காத்திருக்கும், வெளியில் வாங்கியதற்குக் காத்திருக்காது. விகுர் என்றால் கரையில் வாங்கினாலும் பயமில்லை, நேரம் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்ற எதுவும் வாங்க வேண்டாம், நடந்தே பார்த்துவிடலாம். ஜூலையிலும் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், காற்றுப் புகாத மேலாடை கட்டாயம். பஃபின்கள் ஆகஸ்ட் நடுவில் கடலுக்குப் போய்விடும். உங்கள் தேதி அதற்குப் பிறகு என்றால் விகுரை விட்டுவிட்டு அருவிக்கே போங்கள்.