வகுப்பறை மேலாண்மை: தலைமையாசிரியர் எதைப் பார்க்கிறார்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்

மன்னார்குடி ஆசிரியை: ஐயா, பிள்ளைகள் குழுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'வகுப்பில் சத்தம் அதிகம்' என்று தலைமையாசிரியர் பார்வைக் குறிப்பில் எழுதிவிட்டார். சத்தம் தவறா?

பதில்: தவறே இல்லை அம்மா. நான் வகுப்புக்குள் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைத்தான் பார்ப்பேன். பக்கத்துப் பையனிடம் "இப்போது என்ன செய்கிறாய்?" என்று மெல்லக் கேட்பேன். அவன் தெளிவாகச் சொல்லிவிட்டால் அந்த இரைச்சலைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. பயந்து அடங்கிக் கிடக்கும் வகுப்பில் இதே கேள்விக்குத் திருதிருவென விழிப்பார்கள். அடுத்த முறை பாடக்குறிப்பில் 'குழுச் செயல்பாடு' என்று எழுதி முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

கும்பகோணம் ஆசிரியர்: முதலில் உங்கள் கண்ணில் படுவது எது?

பதில்: மணி அடித்தபின் பாடம் தொடங்க ஆகும் நேரம். 40 நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவு, நோட்டு விநியோகம் என்று 8 நிமிடம் கரைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அடுத்து, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பின்வரிசையில் என்ன நடக்கிறது என்பது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளை வீடியோவில் பதிந்து ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்தபின் கண்டிக்கும் விதத்தில் திறமையான ஆசிரியருக்கும் மற்றவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அது பரவுமுன் கவனித்துத் தடுப்பதில்தான் வேறுபாடு என்று கண்டார். குரலை உயர்த்துபவரையே கண்டிப்பானவர் என்று மெச்சும் தலைமையாசிரியர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

திருத்துறைப்பூண்டி ஆசிரியர்: மேசையில் பிரம்பு சும்மா இருந்தாலும் குறையா?

பதில்: குறைதான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தப் பிரம்பு மிரட்டல்தானே? எடுத்துவிடுங்கள்.

மயிலாடுதுறை ஆசிரியை: ஐப்பசி மழையில் ஓர் அறை ஒழுகியது. இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருந்த நாளில் பார்வைக்கு வந்தார்கள். 'கட்டுப்பாடு போதாது' என்று எழுதினார்கள். நியாயமா?

பதில்: நியாயமில்லை அம்மா. எனக்குக் கோபமே வருகிறது. நம் டெல்டாவில் அடைமழைக் காலத்து வகுப்பு வேறு, தை மாதத்து வகுப்பு வேறு. அன்று அறையில் எத்தனை வகுப்புகள், எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். சேர்த்தபின் கையெழுத்திடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் இன்னொரு முறை பார்வையிடுமாறு எழுத்திலேயே கேட்டுவிடுங்கள்.