ரிப்போர்ட்டில் 'ரோம நீட்சியுள்ள லிம்போசைட்' என்றால்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 56. அசதியாக இருக்கிறது என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். ரிப்போர்ட்டின் அடியில் 'ரோமம் போன்ற நீட்சிகளுடன் சில லிம்போசைட்டுகள்' என்று எழுதியிருக்கிறார்கள். நெட்டில் தேடினால் புற்றுநோய் என்கிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: நீட்சி தெரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லிம்போசைட் என்பது ஒரு வகை வெள்ளை அணு. வெள்ளை அணுவின் மேல்சவ்வு இயல்பிலேயே வழுவழுப்பானது அல்ல. நியூட்ரோபில்கள் என்ற வேறொரு வகை வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் உருளும்போது அவற்றின் சவ்வே மெல்லிய இழையாக இழுபட்டு, அவற்றைச் சுவரோடு பிடித்துவைக்கிறது. அதெல்லாம் வழக்கமான ஸ்மியரில் (கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தடவிய ரத்தத்தில்) கண்ணுக்குத் தெரியாது. லிம்போசைட்டின் விளிம்பு சிலும்பித் தெரிகிறது என்றால் முதல் சந்தேகம் ஸ்லைடு மேல்தான். டியூபில் நெடுநேரம் கிடந்த ரத்தம், சரியாகக் காயாத ஸ்மியர் இரண்டுமே அணுவின் உருவத்தைக் கெடுக்கும். ஆகவே மறுபடி ரத்தம் கொடுத்து, உடனே ஸ்மியர் போடச் சொல்லி, ஹெமட்டாலஜிஸ்ட்டை (ரத்தநோய் நிபுணரை) அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போதும் நீட்சிகள் இருந்தால் ஹேரி செல் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயா என்று பார்ப்பார்கள். 1958-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் பெர்த்தா புரோங்கிள் தனி நோயாக விவரித்தது இது. அபூர்வமானது, பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம். மண்ணீரல் வீங்கும், சிவப்பணு, தட்டணு, நியூட்ரோபில் மூன்றும் குறையும். மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு அநேகமாகக் காணாமலே போய்விடும். இங்கே ஒரு வில்லங்கம் உண்டு: எண்ணும் மெஷின் சில சமயம் இந்த ரோம அணுக்களையே மோனோசைட் கணக்கில் சேர்த்துவிடும். எனவே மெஷின் தந்த எண்ணை நம்பி நிம்மதி அடைய வேண்டாம், ஸ்மியரில் கண்ணால் எண்ணியதைக் கேளுங்கள்.

உறுதி செய்வது, அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களை மெஷினில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. சிடி11சி, சிடி25, சிடி103 என்ற புரதங்கள் எல்லாம் சேர்ந்து பாசிட்டிவ் என்றால் சந்தேகம் வலுக்கும். பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இந்த நோயுள்ள பெரும்பாலோரிடம் இருப்பது 2011-இல் தெரியவந்தது, அதையும் பார்ப்பார்கள். எலும்பு மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சினால் பல நேரம் ஒன்றும் வராது, அதனால் சிறு துண்டும் எடுப்பார்கள். மண்ணீரல் சார்ந்த வேறு ஒரு லிம்போமாவிலும் (லிம்போசைட்டில் தோன்றும் புற்றுநோயிலும்) நீட்சிகள் வரும். ஆனால் அவை பெரும்பாலும் அணுவின் ஒரு முனையில் குஞ்சமாக நிற்கும்.

சரி, ஒருவேளை அதுதான் என்று வந்தால்? நெட் காட்டும் அளவுக்குக் கெட்ட செய்தி இல்லை. கிளாட்ரிபின் என்ற மருந்தின் ஒரு சுற்றிலேயே பெரும்பாலோருக்கு நோய் பல ஆண்டுகள் அடங்கிவிடுகிறது. எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதும் இல்லை. ரத்த அணுக்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு லேபிலிருந்து அந்த ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இடையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.