சிறுநீர் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் வேலை

வணக்கம் அம்மா. "டாக்டராவாள் என்று நினைத்த பிள்ளை, கடைசியில் சிறுநீர் டப்பாவோடு நிற்கப் போகிறாளா?" என்று கேட்டிருந்தீர்கள். பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு) என்றாலே எல்லோருக்கும் தெருமுனை லேப்தான் ஞாபகம் வருகிறது. அந்த டப்பாவில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம்.

கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் எக்கச்சக்கமாக இருந்தால் முகம் உப்பும், பிரஷரும் சர்க்கரையும் ஏறும். குஷிங் நோய்க்குறி என்பார்கள். இதைச் சந்தேகித்தால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கச் சொல்வார்கள். முதல் நாள் காலையில் எழுந்ததும் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை அத்தனையும் கேனுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு தடவை தவறினாலும் கணக்கு பொய். அதனால் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவையும் அளந்து, முழுசாகச் சேர்த்தார்களா என்று பார்ப்பார்கள்.

சரி, அளப்பது எப்படி? பல லேப்களில் ஆன்டிபாடி வைத்துத்தான். கார்டிசாலை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற புரதம் அது. ஆனால் நோயாளி வீசிங்குக்காகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதையும் கார்டிசால் என்று நினைத்துப் பிடித்துவிடும். அளவு தாறுமாறாக ஏறும். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே ஹைட்ரஜன் அணு. மூலக்கூறு எடை கார்டிசாலுக்கு 362, பிரெட்னிசலோனுக்கு 360. பொருள்களைப் பிரித்து அவற்றின் மூலக்கூறு எடையை அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவி இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். ஊக்கமருந்து சோதனையிலும் இந்த வகைக் கருவிகள்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர் பென் ஜான்சனின் தங்கம் பறிபோனது சிறுநீரில் ஸ்டானோசோலால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு கிடைத்ததால்தான்.

"இந்த எண்ணை நம்பலாமா?" என்று சந்தேகப்படத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. உங்கள் மகள் கெமிஸ்ட்ரியை விரும்பிப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், பாதிக் கவலை அதிலேயே தீர்ந்தது. மீதியையும் மறைக்காமல் சொல்கிறேன்: வெறும் டிகிரியோடு போனால் ஆரம்பச் சம்பளம் குறைவுதான். கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. வரை போக மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எலைசா ரீடரை (ஆன்டிபாடி சோதனையின் முடிவைப் படிக்கும் கருவி) மாணவர்கள் தாங்களே இயக்குகிறார்களா என்று சீனியர் பிள்ளைகளிடம் கேளுங்கள். சில இடங்களில் அது உறை போட்டபடியே இருக்கும். இன்னொன்று, லேபில் ரத்த மாதிரிகளைக் கையாள வேண்டியிருக்கும், அதனால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். மூன்று ஊசியும் முடிய ஆறு மாதம் ஆகும்.