பழைய ஓவியம், பழம்பொருள்களுக்கு நம்பகமான மதிப்பு எப்படிப் பெறுவது? ஆளுக்கொரு தொகை சொல்கிறார்களே?

இந்தக் கேள்வியை யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பெரியவர் ஒருவர் போயிருப்பார். சுவரில் நாலு படம், மூலையில் ஒரு கடிகாரம், அலமாரியில் யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்த ஜாடி. அதைப் பங்கு பிரிக்கவேண்டும், அல்லது விற்றுப் பங்கு கொடுக்கவேண்டும். இரண்டு மூன்று பேரிடம் கேட்டிருப்பீர்கள், ஆளுக்கொரு தொகை வந்திருக்கும், வீட்டில் யாரோ ஒருவர் உங்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்திருப்பார். அப்படி எதுவும் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்றால் மன்னிக்கவும். கீழே இருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

நான் மதிப்பீட்டாளர் இல்லை. ஏல நிறுவனத்திலும் வேலை பார்த்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'உனக்கு என்ன தகுதி' என்று கேட்க இங்கே சிலர் தயாராக இருப்பார்கள். அப்பா சேர்த்துவைத்த சாமான்களுக்கு மதிப்புப் போட்டு, பங்கு பிரித்து, அதற்காகவே கூடப்பிறந்தவர்களிடம் பேச்சும் வாங்கியவள். அவ்வளவுதான் தகுதி.

மூன்று பேர் மூன்று தொகை சொன்னால் அதில் இரண்டு பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இன்சூரன்ஸுக்குப் போடும் தொகை ஒரு கணக்கு: நாளைக்கே பொருள் எரிந்துபோனாலோ திருடுபோனாலோ, அதே தரத்தில் இன்னொன்றைக் கடையில் போய் வாங்க எவ்வளவு ஆகும்? கடைக்காரரின் லாபம், அவர் கட்டும் வாடகை எல்லாம் அதற்குள் வந்துவிடும். அதனால் தொகை பெரிதாகத்தான் இருக்கும். வரிக்கும் வாரிசுப் பங்குக்கும் பார்ப்பது சந்தை மதிப்பு. வாங்கியே தீரவேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரும், விற்றே தீரவேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரும், விவரமெல்லாம் தெரிந்து ஒத்துக்கொள்ளும் விலை. அமெரிக்க வரித்துறை தரும் விளக்கமும் கிட்டத்தட்ட இதேதான். நடைமுறையில் இதே மாதிரிப் பொருள்கள் ஏலத்தில் என்ன விலைக்குப் போயின என்றுதான் பார்க்கிறார்கள். மூன்றாவது, ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்து இன்றைக்கே ரொக்கமாகத் தரும் தொகை. இருப்பதிலேயே கீழே இருப்பது அதுதான். அவர் அதை விற்கும்வரை கடையில் வைத்திருக்கவேண்டும், விற்காமலே போகவும் கூடும், அதனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

எங்கள் வீட்டுச் சண்டை இங்கேதான் பிடித்தது. அப்பாவின் காகிதங்களில் ஒரு பழைய இன்சூரன்ஸ் மதிப்பீட்டுச் சான்றிதழ் இருந்தது. சின்னண்ணன் அதை போட்டோ எடுத்து வெளிநாட்டில் இருக்கும் பெரியண்ணனுக்கு அனுப்பியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பங்குக்காக நான் வரவழைத்த மதிப்பீட்டில், மொத்தத் தொகை பழைய சான்றிதழில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. போன் வந்தது. "ஏம்மா, அப்பா இருந்தப்ப இருந்ததுல பாதிக்கு மேல காணோமே, எங்க போச்சு?" சாமான் ஒன்றுகூட வீட்டைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிப் பாருங்கள், முடியாது.

மதிப்பீடு செய்ய வந்தவரை நான் தெரிந்தவர் மூலம் பிடிக்கவில்லை. பிரிட்டனின் ஆர்.ஐ.சி.எஸ்., இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் அப்ரைசர்ஸ், அப்ரைசர்ஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா போன்ற தொழில்முறை அமைப்புகள் உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கின்றன. யாருக்கு எதில் தேர்ச்சி என்றும் அதில் பார்க்கலாம். இதைக் கட்டாயம் பாருங்கள். பீங்கானில் கரைகண்டவருக்குக் கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், நல்லவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லியும்விடுவார்கள். நான் போன் செய்தபோது அந்த அம்மா முதலில் கேட்டது என்ன பொருள் என்றுகூட இல்லை. "எதுக்காக மதிப்பு வேணும்? இன்சூரன்ஸா, பங்கா, விற்கவா?" இதைக் கேட்காமலே தொகை சொல்பவரிடம் மேற்கொண்டு பேசவேண்டாம் என்பது என் கருத்து.

கட்டணத்தை நேரக் கணக்கில் சொன்னார். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரை ஒதுக்கிவிடுங்கள். மதிப்பு ஏறினால் அவர் சம்பளமும் ஏறும், பிறகு அந்தத் தொகையை எப்படி நம்புவது? அமெரிக்காவில் மதிப்பீட்டாளர்கள் பின்பற்றும் யு.எஸ்.பி.ஏ.பி. விதிகளில் இப்படி மதிப்போடு முடிச்சுப்போட்ட கட்டணத்துக்கு இடமே இல்லை.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்திருந்தால் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். எண்ணெய் வண்ண ஓவியத்தை முன்பக்கம் பார்த்ததைவிடப் பின்பக்கம் பார்த்த நேரம்தான் அதிகம். துணியை இழுத்துக் கட்டிய சட்டம், ஆணிகள், கிழிந்துபோன ஒரு பழைய சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஜன்னலை மூடச் சொல்லி, புற ஊதா விளக்கை அடித்தார். வானம் இருந்த பகுதியில் திட்டுத் திட்டாகக் கருப்பாகத் தெரிந்தது. பிற்காலத்தில் யாரோ பூசிச் சரிசெய்த இடங்களாம். அதைவிட மோசம், ஓவியரின் கையெழுத்து பழைய வார்னிஷுக்கு மேலே உட்கார்ந்திருந்தது, அதாவது படம் முடிந்த பிறகு யாரோ போட்டதாக இருக்கலாம். அப்பா அந்தப் பெயருக்காகத்தான் அதை வாங்கியிருப்பார். அறிக்கையில் அந்தப் பெயர் தனியாக வரவில்லை, 'அவருடைய பாணியில்' என்று வந்தது. தொகை எங்கே போனது என்று கேட்டாரே அண்ணன், பெரும்பகுதி அந்த ஒரு சொல்லில்தான் போனது.

"அவர் வரைஞ்சதில்லைன்னு நான் தீர்ப்பு சொல்லலை. அது அந்த ஓவியரை ஆராய்ச்சி பண்றவங்க வேலை. இப்ப இருக்கிற ஆதாரத்துக்கு எந்த விலை நிற்குமோ அதை எழுதியிருக்கேன்" என்றார். அசலா என்று சொல்வதும் விலை சொல்வதும் இரண்டு தனி வேலைகள். முதலாவது எவ்வளவு சிக்கல் என்றால், அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் படைப்புகளுக்கு அசல் முத்திரை கொடுத்துவந்த குழு, வழக்குச் செலவு தாங்காமல் 2012-இல் கலைக்கப்பட்டது. பின்பக்கச் சீட்டையும் அப்படியே நம்பமுடியாது. ஜெர்மனியில் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்ற போலி ஓவியர் பழைய சேகரிப்பாளர் ஒருவர் பெயரில் சீட்டுகளையே தயாரித்து ஒட்டினார். 1914-இல் வரைந்ததாகச் சொன்ன ஒரு படத்தில், அந்தக் காலத்தில் புழக்கத்துக்கே வராத டைட்டானியம் வெள்ளை இருந்ததை ஆய்வகம் கண்டுபிடித்த பிறகுதான் மாட்டினார். 2006-இல் அந்தப் படம் 28 லட்சம் யூரோவுக்கு மேல் போயிருந்தது. வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை.

எழுதும் மேசைக்கு வருவோம். அவர் இழுப்பறைகளை வெளியே எடுத்து, கவிழ்த்து, மூலை இணைப்புகளைப் பார்த்தார். மேல்பாதியும் கீழ்பாதியும் வேறு வேறு மேசைகளுடையவை. அது போதாதென்று, கனமான அடர்நிற மர நாற்காலி மேசைகளுக்கு மேல்நாட்டுச் சந்தையில் இந்த இருபது வருடத்தில் விலை பயங்கரமாக இறங்கிவிட்டதாம். அப்பாவின் சான்றிதழ் அதற்கு முந்தைய காலத்தது. இன்சூரன்ஸ் மதிப்பீட்டைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வது இதற்காகத்தான். பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள், தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு ஆசைப்படுங்கள்.

கடிகாரத்தின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மதிப்பீட்டாளர் வருகிறார் என்று தெரிந்ததும் சின்னண்ணி அதன் பித்தளையைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அத்தனை வருடம் படிந்த நிறம் போனது போனதுதான், அது திரும்பவும் வராது. மதிப்பு வாங்கும்வரை எதையும் கழுவாதீர்கள், மெருகு போடாதீர்கள், சட்டத்தை மாற்றாதீர்கள்.

இதற்கு முன்னால் ஒரு வியாபாரி வந்துபோயிருந்தார், இலவச மதிப்பீடு என்று. மேசையைப் பற்றி நிறையப் பேசினார். அலமாரியில் இருந்த நீலவெள்ளை ஜாடியை ஒருமுறை தூக்கி அடியைப் பார்த்து, "சுமார்" என்று வைத்துவிட்டார். கடைசியில் "எதுக்கும்மா தனித்தனியா, மொத்தமா நானே எடுத்துக்கறேன்" என்றார். எழுதித் தாருங்கள் என்றேன், எழுதவில்லை. அறிக்கை வந்தபோது அதிக மதிப்பு அந்த ஜாடிக்குத்தான். வியாபாரிகள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை, என்னைவிட ஆயிரம் மடங்கு அறிவு அவர்களுக்கு உண்டு. ஆனால் வாங்க வந்தவரிடமே விலை கேட்கக்கூடாது.

ஏல நிறுவனங்களும் இலவசமாக விலைவரம்பு சொல்லும். அது ஓரளவு நம்பத்தக்கதுதான், பொருள் தங்களிடம் வரவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய ஏல முடிவுகளைப் பார்க்கும்போது இன்னொன்று. ஏலம் 100-இல் முடிந்து சுத்தியல் தட்டினால், வாங்குபவர் அதற்கு மேல் கட்டும் கமிஷனையும் சேர்த்து 125 என்றுதான் பெரும்பாலும் வெளியிடுவார்கள். விற்பவரின் கமிஷன், படம் எடுத்த செலவு, இன்சூரன்ஸ் கழித்து உங்கள் கைக்கு 100-கூட வராது. இணையத்தில் யாரோ போட்டிருக்கும் விற்பனை விலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அது அவர் கேட்கும் விலை, யாரும் இன்னும் கொடுக்கவில்லை.

அறிக்கையை அனுப்பிய பிறகும் பெரியண்ணன் விடவில்லை. 2022-இல் பிரான்சில் நடந்த ஏலச் செய்தியை எனக்கு அனுப்பினார். வெளிநாட்டில் இருந்த ஒரு பெண், இறந்துபோன தாயின் வீட்டிலிருந்த சீன ஜாடியை விற்கக் கொடுத்தார். நிபுணர் போட்ட வரம்பு 1,500 முதல் 2,000 யூரோ. சுத்தியல் தட்டியது 77 லட்சம் யூரோவில். 'பார், உன் நிபுணர்கள் லட்சணம்' என்று கீழே ஒரு வரி. சரி, நிபுணர்கள் தவறுவார்கள். பதிலுக்கு நான் 2010-இல் லண்டன் பக்கம் நடந்ததை அனுப்பினேன். அதுவும் வாரிசுகள் கொண்டுவந்த சீன ஜாடிதான், 4.3 கோடி பவுண்டுக்குத் தட்டினார்கள், ஏலம் எடுத்தவர் பணமே கட்டவில்லை. பிற்பாடு வேறொருவருக்கு அதைவிட மிகக் குறைவாகத்தான் போனது என்று செய்தி வந்தது. அண்ணன் அதற்குப் பதில் போடவில்லை.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த அறிக்கைதான். எந்த நோக்கத்துக்கான மதிப்பு, எந்தத் தேதியில், அளவு, படங்கள், பழுதுகள், ஒப்பிட்ட ஏல விற்பனைகள், தனக்கு இந்தப் பொருள்களில் எந்த லாபநோக்கமும் இல்லை என்ற உறுதிமொழி, கையெழுத்து. இவ்வளவும் இல்லாத ஒரு பக்கச் சீட்டு, குடும்பத்துக்குள்ளேயே நிற்காது. நான் இன்னொன்றும் செய்தேன்: யாருக்காவது தொகை குறைவு என்று தோன்றினால், அதே தொகையைப் பங்கில் கழித்துக்கொண்டு அந்தப் பொருளை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பினேன். மேசையை யாரும் கேட்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றவரோடு கூட இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளையிடம்தான் எல்லாரும் கணக்குக் கேட்கிறார்கள். மருந்து வேளைக்கு ஒருவரும் போன் செய்ததில்லை. ஜாடியின் அடிப்பாகத்தை வீடியோ காலில் காட்டச் சொல்லி ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. "வெளிச்சம் பத்தலை, கொஞ்சம் திருப்பு" என்று வேறு. என்னைத்தான் சொல்கிறாய் என்று இதைப் படித்துவிட்டு யாராவது கோபித்துக்கொண்டால், ஆமாம்.

கமெண்டில் படம் போட்டு 'இது எவ்வளவு போகும்' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் சொல்லமாட்டார்கள்.